சம்பாதித்தது பையன், செலவழித்தது யார்?

 

நம்ம ஹாஸ்டலில் 'வெட்னஸ்டே' சீரிஸ் பார்க்காதவர்கள் ரொம்பக் கம்மி. அதில் வரும் அங்கிள் ஃபெஸ்டரை ஞாபகம் இருக்கா? மொட்டைத் தலை, கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையை வைத்தால் ஷாக் அடிக்கும் ஆள். இந்த சீரிஸில் அந்த வேஷம் போட்டவர் ஃப்ரெட் ஆர்மிசன். ஆனால் டிவியில் முதன்முதலில் அதைச் செய்தவர் வேறொருவர். 1964-ல் ஆரம்பித்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் குண்டு பல்பை வாயில் வைத்து எரிய விடுவாரே, அவர்.

இப்போ இன்னொரு படத்தை மனசுக்குள் கொண்டு வாங்க. ஒரு வாசல்படியில் சார்லி சாப்ளின் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தலையைவிடப் பெரிய தொப்பியும் தொளதொள பேண்ட்டும் போட்ட ஒரு பொடியன். 1921-ல் வந்த 'தி கிட்' படத்தின் ஸ்டில் அது. படம் பார்க்காதவர்கள்கூட அந்த ஸ்டில்லைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பொடியனும் இந்த மொட்டைத் தலையும் ஒரே ஆள்தான். பெயர் ஜாக்கி கூகன். ஹாலிவுட்டின் முதல் பெரிய குழந்தை நட்சத்திரம். அவர் பெயரில் ஒரு சட்டமே இருக்கிறது. சட்டத்துக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அவருக்கு என்ன நடந்தது, அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது, அது இன்றைக்கு நம்ம வீட்டு ஹால் வரைக்கும் எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நாலு வயசில் கிடைத்த வாய்ப்பு

ஜாக்கி 1914 அக்டோபர் 26-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். அப்பா ஜான் கூகன் மேடை நடனக்காரர். அம்மா லில்லியனும் மேடைக்காரர்தான். ஊர் ஊராகப் போய் ஆட்டம், பாட்டு, காமெடி என்று கலந்து கட்டி நடத்தும் 'வாட்வில்' நிகழ்ச்சிகள் அன்றைக்கு அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. நம்ம ஊர் நாடகக் கம்பெனிக் குடும்பங்களைப் போலத்தான், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் மேடையில்தான் வளரும்.

1919-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்பியம் தியேட்டரில் அப்பாவின் நிகழ்ச்சி. கடைசியில் பையனும் மேடைக்கு வந்து நாலு ஸ்டெப் போட்டுவிட்டுப் போவான். பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர் சாப்ளின். அந்த வருஷம்தான் சாப்ளினுக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றே நாளில் இறந்துபோயிருந்தது. மேடையில் பார்த்த பையன் அவர் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு நாடோடிக்கும் தெருவில் கிடைத்த குழந்தைக்கும் நடுவிலான கதை அவருக்குள் உருவாக ஆரம்பித்தது.

முதலில் 'எ டேஸ் ப்ளஷர்' என்ற குறும்படத்தில் ஜாக்கிக்குச் சின்ன ரோல். பிறகு 'தி கிட்'. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஓடும் அந்தப் படத்தை எடுக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. ஜாக்கியிடம் இருந்த பெரிய சரக்கு, ஒரு தடவை செய்து காட்டினால் அதை அப்படியே திரும்பச் செய்வது. சாப்ளின் தோளைக் குலுக்கினால் பையனும் அதே மாதிரி குலுக்குவான். மௌனப்படக் காலம் என்பதால் வசனம் மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. முகமும் உடம்பும் பேசினால் போதும்.

அந்த அழுகை

'தி கிட்' பார்த்தவர்கள் யாரும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. அநாதை விடுதி அதிகாரிகள் வந்து பையனைத் தூக்கி வண்டியில் போட்டுவிடுவார்கள். கையை நீட்டிக்கொண்டு அவன் கதறுவான். சாப்ளின் கூரை கூரையாகத் தாவி வண்டியைத் துரத்துவார். நூறு வருஷம் கழித்து லேப்டாப்பில் பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

அந்த அழுகை எப்படி வந்தது என்று சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சேட்டையும் சந்தோஷமுமாக இருந்த பையனுக்கு அழுகையே வரவில்லை. அப்பா, நான் அழ வைக்கிறேன் என்று தனியாகக் கூட்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் பையன் தேம்பித் தேம்பி அழுதான், ஷாட் முடிந்தது. என்ன செய்தீர்கள் என்று சாப்ளின் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: நீ அழாவிட்டால் உன்னை நிஜமாகவே ஏழைகள் விடுதியில் விட்டுவிடுவோம் என்று மிரட்டினேன்.

சின்ன வயசில் லண்டனில் அப்படிப்பட்ட விடுதியில் இருந்தவர் சாப்ளின். உடனே பையனைத் தூக்கிச் சமாதானப்படுத்தினார். அப்பா சும்மாதான் சொன்னார்னு எனக்குத் தெரியுமே என்று பையன் காதில் கிசுகிசுத்தானாம்.

சாப்ளின் இதை ஒரு நெகிழ்ச்சியான சம்பவமாகத்தான் எழுதுகிறார். ஆனால் இன்றைக்குப் படிக்கும்போது நமக்கு வேறொன்றும் தோணும். உலகமே கைதட்டிய அந்த நடிப்பில் ஒரு பாதி நடிப்பே இல்லை. ஒரு சின்னப் பையனின் பயம் அது.

பீனட் பட்டர் முதல் போப்பாண்டவர் வரை

படம் வந்ததும் ஜாக்கியின் வாழ்க்கை தலைகீழானது. 1922-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்'. அடுத்தடுத்து 'டாடி', 'சர்க்கஸ் டேஸ்', 'லிட்டில் ராபின்சன் க்ரூசோ' என்று வரிசையாகப் படங்கள். குடும்பமே 'ஜாக்கி கூகன் புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி ஆரம்பித்தது. ஜாக்கி பொம்மை, ஜாக்கி விசில், ஜாக்கி நோட்டு, ஜாக்கி பீனட் பட்டர் என்று கடைகளில் அவன் முகம் இல்லாத பொருளே குறைவு. படத்தில் நடித்தவரின் முகத்தைப் பொருளில் ஒட்டி விற்பது இன்றைக்குச் சர்வசாதாரணம். அதைப் பெரிய அளவில் அனுபவித்த முதல் குழந்தைகளில் ஒருவர் இவர்.

1924-ல் 'நியர் ஈஸ்ட் ரிலீஃப்' என்ற அமைப்புக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றினார். ஆர்மீனிய, கிரேக்க அகதிக் குழந்தைகளுக்காக அவர் திரட்டிய உணவு, துணிமணிகளின் மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல். கிரேக்க அரசு கௌரவித்தது. போப்பாண்டவர் பதினொன்றாம் பயஸ் நேரில் சந்தித்தார். அப்போது பையனுக்கு வயசு பத்துக்குப் பக்கம்தான்.

அவருடைய தலைமுடிகூட ஒரு சொத்து. காதை மூடி, நெற்றியில் நேராக வெட்டிய அந்த ஸ்டைலை நாட்டில் பாதிப் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். வளர்ந்த பிறகு முடியை வெட்டினபோது அதையும் விடவில்லை. 1927-ல் 'ஜானி, கெட் யுவர் ஹேர் கட்' என்று படமே எடுத்தார்கள்.

குழந்தை நட்சத்திரங்களின் பொதுப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மற்ற நடிகர்களுக்கு வயசாக இருபது, முப்பது வருஷம் ஆகும். குழந்தை நடிகருக்கு ஒரே ஒரு கோடை லீவில் மூன்று இஞ்ச் உயரம் கூடினால் போதும், மார்க்கெட் காலி. 1930-ல் 'டாம் சாயர்', 1931-ல் 'ஹக்கிள்பெரி ஃபின்' என்று பேசும் படங்களிலும் நடித்துப் பார்த்தார். ஆனால் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது அந்தத் தொப்பிப் பொடியனைத்தான், பதினாறு வயசுப் பையனை அல்ல. ஜாக்கி காலேஜுக்குப் போனார். படிப்பிலும் பெரிதாக ஒட்டவில்லை.

பரவாயில்லை, சின்ன வயசில் சம்பாதித்தது இருக்கிறதே! அதுதான் எல்லோருடைய நினைப்பும். ஜாக்கியின் நினைப்பும் அதுதான்.

1935

1935 மே மாதம். மெக்சிகோ பக்கம் வேட்டைக்குப் போய்விட்டுக் குடும்பமும் நண்பர்களுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சான் டியேகோவுக்குக் கிழக்கே மலைப்பாதையில் கார் கவிழ்ந்தது. ஜாக்கியின் அப்பா இறந்தார். கூட நடித்த நெருங்கிய நண்பன் ஜூனியர் டர்கினும் இறந்தான். 'ஹக்கிள்பெரி ஃபின்' படத்தில் ஹக்காக நடித்தவன், வயசு பத்தொன்பது. காரில் இருந்த மற்ற இருவரும் பிழைக்கவில்லை. தப்பியது ஜாக்கி ஒருவர் மட்டும்.

அந்த அக்டோபரில் அவருக்கு 21 வயசு நிறைந்தது. அன்றைய சட்டப்படி மேஜர். அதுவரை வாரம் 6 டாலர் 25 சென்ட் பாக்கெட் மணி. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 325 டாலர். சம்பாதித்ததோ முப்பது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் டாலர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைய மதிப்பு அல்ல, 1920-களின் டாலரில்!

பணம் அம்மாவின் கையில் இருந்தது. குடும்பத்தின் கணக்குவழக்கைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனை அம்மா மறுமணம் செய்துகொண்டார். ஜாக்கி கேட்கும்போதெல்லாம் பதில் தள்ளிப்போனது. நடுவில் 1937-ல் நடிகை பெட்டி கிரேபிளை ஜாக்கி கல்யாணம் செய்துகொண்டார். கையில் காசில்லை. கடைசியில் 1938 ஏப்ரலில் பெற்ற தாயின் மேலும் வளர்ப்புத் தந்தையின் மேலும் வழக்குப் போட்டார்.

கோர்ட் என்ன சொன்னது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிங்க, மேட்டரே இதுதான்.

நீங்க ஜட்ஜ் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? உழைத்தவனுக்குத்தானே பணம் என்பீர்கள். ஆனால் அன்றைய கலிஃபோர்னியா சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்குச் சொந்தம். அவ்வளவுதான்.

இது யாரோ பேராசைக்காரர்கள் கூடி எழுதிய சட்டம் இல்லை. பழைய இங்கிலாந்துச் சட்ட மரபிலிருந்து வந்தது. பையன் அப்பாவோடு வயலில் இறங்குவான், பட்டறையில் துருத்தி ஊதுவான். அவனுக்குச் சோறு போட்டுத் துணி எடுத்துத் தருவது பெற்றோரின் கடமை, பதிலுக்கு அவனுடைய உழைப்பின் பலன் வீட்டுக்கு. ஒரு பையனின் உழைப்பு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராத காலத்தில் அது ஓரளவு நியாயமாகவே தெரிந்திருக்கும். நாலு வயசுப் பையன் ஒரு ஸ்டுடியோவையே வாழவைப்பான் என்று அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால், சிஸ்டத்தை டிசைன் பண்ணும்போது போட்ட அசம்ப்ஷன் உடைந்துவிட்டது, யாரும் டிசைனை மாற்றவில்லை.

அம்மா தரப்பு வாதத்தைக் கேளுங்க. ஜாக்கிக்குப் பணம் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவே இல்லை. அவன் கேமரா முன்னால் விளையாடிக்கொண்டிருந்தான், ஜாலியாகத்தான் இருந்தான், அது வேலையே இல்லை. பணமோ வைரமாகவும் ஃபர் கோட்டாகவும் கார்களாகவும் மாறியிருந்தது.

வழக்கு முடியும்போது மிச்சம் இருந்தது சுமார் இரண்டரை லட்சம் டாலர். செலவெல்லாம் போக ஜாக்கியின் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். நாற்பது லட்சம் என்று வைத்துக்கொண்டால் மூன்று சதவீதம் சொச்சம். முப்பது லட்சம் என்றாலும் நாலு சதவீதம்தான். நம்ம அட்டெண்டன்ஸ் இவ்வளவு குறைந்தால் ஹால் டிக்கெட்டே கிடைக்காது.

பெட்டி கிரேபிளுடனான திருமணமும் 1939-ல் முறிந்தது. கஷ்டகாலத்தில் சாப்ளினிடம் உதவி கேட்டபோது அவர் மறுபேச்சில்லாமல் ஆயிரம் டாலர் கொடுத்தார் என்பார்கள்.

கூகன் சட்டமும் அதன் ஓட்டையும்

வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. தியேட்டரில் அந்தப் பையனுக்காக அழுத ஜனங்கள் இப்போது கோபப்பட்டார்கள். 1939-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லோரும் அதைக் 'கூகன் சட்டம்' என்றே அழைத்தார்கள்.

சட்டம் வந்துவிட்டது, பிரச்சினை முடிந்தது என்றுதானே நினைக்கிறீங்க? இல்லை. அது எப்படி வேலை செய்தது என்று பாருங்க.

மைனர் போடும் ஒப்பந்தத்தை அந்த மைனரே பிறகு செல்லாது என்று உதறிவிடலாம். இது ஸ்டுடியோக்களுக்குத் தலைவலி. அதனால் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். ஒப்புதல் வாங்கிவிட்டால் உதற முடியாது. 1939 சட்டம் இந்த ஒப்புதலோடு ஒரு விஷயத்தைச் சேர்த்தது. ஒப்புதல் தரும் நீதிபதி, குழந்தையின் சம்பாத்தியத்தில் பாதி வரைக்கும் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லலாம்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிச்சீங்களா? முதலாவது, 'சொல்லலாம்' என்பது. கட்டாயமில்லை, நீதிபதியின் இஷ்டம். இரண்டாவது, நீதிமன்றத்துக்கு வந்த ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் இது. வருஷக்கணக்கில் ஒரே ஸ்டுடியோவில் வேலை என்றிருந்த காலத்தில் ஒப்புதல் வாங்குவதில் ஸ்டுடியோவுக்கு லாபம். பிறகு டிவி வந்தது, விளம்பரம் வந்தது. இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு யார் கோர்ட் படி ஏறுவார்கள்? மூன்றாவது, பணம் மற்றபடி பெற்றோருடையது என்ற பழைய விதி அப்படியே இருந்தது.

1930-களில் உலகையே மயக்கிய ஷெர்லி டெம்பிளின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சுமார் 32 லட்சம் டாலர் சம்பாதித்தவர், வளர்ந்து கணக்கைப் பார்க்கும்போது தன் பெயரில் மிச்சமிருந்தது 44,000 டாலர் அளவுக்குத்தான் என்று தெரிந்துகொண்டார். சட்டம் வந்த பிறகும் இப்படி!

ஓட்டைகளை அடைக்க அறுபது வருஷம் ஆனது. முன்னாள் குழந்தை நடிகர்களும் நடிகர் சங்கமும் விடாமல் போராடியதில், 2000 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, குழந்தை சம்பாதித்தது குழந்தைக்கே சொந்தம். இரண்டு, மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தயாரிப்பாளரே குழந்தையின் பெயரில் உள்ள அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். 18 வயசு வரைக்கும் அம்மாவோ அப்பாவோ அதைத் தொட முடியாது. அந்தக் கணக்குக்குப் பெயரே 'கூகன் அக்கவுண்ட்'. நியூயார்க் உள்படச் சில மாநிலங்களும் இதே மாதிரி ஏற்பாடு வைத்திருக்கின்றன.

இந்த 15 சதவீதம் ஜாக்கிக்கு அன்றைக்கு இருந்திருந்தால்? நாற்பது லட்சத்துக்கு ஆறு லட்சம் டாலர், வட்டி தனி. வழக்குப் போட்டுக் கிடைத்ததைப் போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அம்மாவை கோர்ட்டில் நிறுத்தாமலே.

இன்ஜின் இல்லாத விமானத்தில்

பெரும்பாலான கட்டுரைகள் ஜாக்கியின் கதையை இங்கே முடித்துவிட்டு, 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் அவருக்கு அப்போது 25 வயசுகூட ஆகவில்லை. மீதி வாழ்க்கை முழுதும் இருக்கிறது.

1941 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். ஏற்கனவே விமானம் ஓட்டத் தெரியும் என்பதால் கிளைடர் பைலட் பயிற்சிக்குப் போனார். கிளைடர் என்றால் இன்ஜினே கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், ப்ளைவுட், மேலே துணி. உள்ளே பதிமூன்று வீரர்கள் உட்காரலாம். முன்னால் ஒரு டகோட்டா விமானம் நைலான் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். இடம் வந்ததும் கயிற்றை விட்டுவிட வேண்டியதுதான். இறங்குவதற்கு ஒரே ஒரு சான்ஸ். சரியில்லையென்றால் மறுபடி மேலே ஏற வழியில்லை.

ஆபத்தான பணிக்குத் தானாகவே பெயர் கொடுத்து, 1943 டிசம்பரில் ஜாக்கி வந்து இறங்கிய நாடு எது தெரியுமா? இந்தியா. முதலாவது ஏர் கமாண்டோ குழுவில் அவர் ஒரு கிளைடர் பைலட். 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட் விமானத்தளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பின. ஜெனரல் விங்கேட்டின் 'சிண்டிட்' படைவீரர்களை ஏற்றிக்கொண்டு, பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன வெட்டவெளியில் இருட்டில் இறங்க வேண்டும். ஒரு டகோட்டாவுக்கு இரண்டு கிளைடர், அளவுக்கு மீறிய பாரம். பல கிளைடர்களின் கயிறு நடுவானில் அறுந்தது. இறங்கியவற்றிலும் பல மரக்கட்டையிலும் பள்ளத்திலும் மோதி நொறுங்கின. அந்த இரவில் அங்கே இறங்கி உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர், சின்ன வயசில் போப்பாண்டவரைச் சந்தித்த அதே ஜாக்கி.

வாயில் பல்பு

போர் முடிந்து திரும்பினால் ஹாலிவுட் அவரை மறந்திருந்தது. சின்னச் சின்ன வேஷங்கள், இரவு விடுதி நிகழ்ச்சிகள், 1950-களில் டிவி தொடர்கள். முடி கொட்டியது, உடம்பு பெருத்தது. எந்த முகத்துக்காக உலகம் அவரைக் கொண்டாடியதோ அந்த முகத்தின் அடையாளம் துளியும் இல்லை.

அதுவே கடைசியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தேர்வில் முதலில் அவரை வேண்டாம் என்றுவிட்டார்களாம். வீட்டுக்குப் போய் மீதி முடியையும் மழித்து, தானே மேக்கப் போட்டு, ஃபெஸ்டராகவே திரும்பி வந்து நின்றார் என்று சொல்வார்கள். 1964 முதல் 1966 வரை 64 எபிசோடுகள். மழலை முகம் வைத்திருந்தவர், ஐம்பது வயசில் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பிடித்த அழகில்லாத அங்கிள் ஆனார்.

1973-ல் அதே கதை கார்ட்டூனாக வந்தபோது ஃபெஸ்டருக்குக் குரல் கொடுத்ததும் இவரே. அதில் பக்ஸ்லி என்ற சிறுவனுக்குக் குரல் கொடுத்தது ஒரு குழந்தை நட்சத்திரம்: ஜோடி ஃபாஸ்டர். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் வாங்கியவர்.

1972-ல் கௌரவ ஆஸ்கர் வாங்க சாப்ளின் இருபது வருஷம் கழித்து அமெரிக்கா வந்தார். வரவேற்க வந்தவர்களில் ஜாக்கியும் ஒருவர். 82 வயசுக்காரர் 57 வயசுப் 'பையனை'க் கட்டிக்கொண்டார். ஜாக்கி 1984 மார்ச் 1-ல் இதயக் கோளாறால் இறந்தார். வயசு 69. பேரன் கீத் கூகனும் குழந்தை நடிகராகத் தொடங்கியவர்தான். தாத்தா இறந்த பிறகு தாத்தாவின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இப்போ நம்ம வீட்டு ஹாலுக்கு வருவோம்

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கு. எங்க அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. மழலையில் சமையல் குறிப்பு சொல்லுவா. அக்கா எடுத்துப் போட்ட ரீல்ஸ் ஒண்ணு திடீர்னு ஓடிருச்சு. எடிட்டிங் வேலை என் தலையில். போன செமஸ்டர் லீவில் ஒரு விளம்பரத்துக்குக் காசு வந்தது. பெரிய தொகை இல்லை, நம்ம ஒரு செமஸ்டர் மெஸ் பில் அளவுக்கு. அன்னைக்குப் பாப்பாவுக்குத் தூக்கம். நாலாவது டேக்கில் அழ ஆரம்பிச்சுட்டா. "இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லுடா தங்கம், சாக்லேட் வாங்கித் தர்றேன்"னு சொன்னது வேற யாரும் இல்லை, நான்தான்.

அதனால்தான் ஜாக்கியின் அப்பாவை என்னால் வில்லனாகப் பார்க்க முடியலை. பிள்ளையை நேசிக்கிற வீட்டுக்குள்ளேதான் இது நடக்குது. நேசம் இருக்கிற இடத்தில் கணக்கு எதுக்குன்னு நாம கேட்கிறதே இல்லை.

சட்டம் மெதுவாகப் பின்னாலேயே ஓடி வருகிறது. அமெரிக்காவில் முதல் மாநிலமாக இல்லினாய், பெற்றோரின் வீடியோக்களில் தோன்றும் குழந்தைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் அமலாக்கியது. கலிஃபோர்னியாவும் 2024-ல் இணையத்தில் நடிக்கும் குழந்தைகளுக்கான சட்டங்களை நிறைவேற்றியது. அதில் ஒன்று கூகன் சட்டத்தையே அவர்களுக்கும் விரித்தது.

நம்ம நாட்டிலும் விதி இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, 2017-ல் வந்த விதிகளின்படி, குழந்தை நடிகர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். கலிஃபோர்னியாவின் 15-ஐ விட நம்ம 20 அதிகம்! ஆனால் சினிமா, டிவி தயாரிப்பாளர்களை மனசில் வைத்து எழுதப்பட்ட விதி அது. வீட்டு ஹாலில் போனை நிறுத்தி வைத்து எடுக்கும் ரீல்ஸுக்கு யார் தயாரிப்பாளர்? அக்காவா, எடிட்டிங் பண்ணின நானா?

ஜாக்கி கதையை அக்காவிடம் சொன்னேன். "ஏன்டா, பெத்த பொண்ணு காசை நான் தின்னுடுவேன்னு சொல்ல வர்றியா?"ன்னு முதல்ல முறைச்சாங்க. அப்படி இல்லக்கா, ஜாக்கியோட அப்பா உயிரோட இருந்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம், நல்லவங்க இருக்காங்கன்னு நம்பி எழுதி வைக்காம விட்டதுதான் அங்க நடந்த தப்புன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. மறுநாள் மாமாவோட போய் போஸ்ட் ஆபீசில் பாப்பா பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிச்சுட்டு, பாஸ்புக்கை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாங்க. கூடவே ஒரு மெசேஜ்: "இனிமே பாப்பா தூக்கம் வருதுன்னா ஷூட்டிங் கிடையாது. நீயும் கேட்கக் கூடாது."

நம்மில் பல பேர் வீட்டில் ஒரு குட்டி ஸ்டார் இருக்கும். அந்தச் சேனலுக்கு எடிட்டரும் நாம்தான், தம்ப்நெய்ல் போடுவதும் நாம்தான். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்க. இந்தக் காசு யார் பேரில் போகுது? பாப்பா இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா நிறுத்துவோமா?

முடிஞ்சா 'தி கிட்' படத்தை ஒரு தடவை பாருங்க. அந்த வண்டிக் காட்சி வரும்போது, அந்தப் பையன் வளர்ந்து பர்மா காட்டில் இறங்கினான், வாயில் பல்பு வைத்துச் சிரிக்க வைத்தான், அவன் பட்ட பாட்டால் இன்றைக்கு எத்தனையோ பிள்ளைகளின் பணம் பத்திரமாக இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைச்சுக்கோங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!